மண்ணடி நெய்யும் மறையாத ஒளியும்

கடலூர் மாவட்டத்தின் தென்பால், வீராணத்து நீரும் கொள்ளிடத்து நீரும் பாயும் சிதம்பரத்து நன்செய்களுக்கு 2020-இல் ஒரு வேலி கிடைத்தது. தமிழக அரசு இயற்றிய வேளாண் மண்டலக் காப்புச் சட்டமே அவ்வேலி. காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஐந்து ஒன்றியங்கள் அதனுள் அடங்கின. புதிய எண்ணெய்க் கிணறுகளை அச்சட்டம் தடுத்தது, குழாய்வழிகளையோ தடுக்கவில்லை. கதவை அடைத்துப் பலகணியைத் திறந்து வைத்த காவல் இது!

குழாய் புகும் வழியை நடுவணரசின் 1962-ஆம் ஆண்டுச் சட்டம் முன்னரே வகுத்துவிட்டது. நிலம் உழவன் பெயரில் இருக்கும். அடிமண்ணின் பயன்பாட்டுரிமை பிறர் கைக்குப் போகும். அப்பட்டையின்மேல் அவன் வீடு கட்டலாகாது, குளம் வெட்டலாகாது, மரம் நடலாகாது. குழாய் கசிந்தாலோ, கேடு மட்டும் அவனுக்கே உரியது!

கொள்ளிடத்துக்குத் தெற்கே கதிராமங்கலத்தில் 2017 சூன் 30 அன்று குழாய் உடைந்து கரிநெய் வயலில் பரவியது. முறையிட்ட ஊரார்மீது தடியடி விழுந்தது. ஆந்திரத்தின் நகரம் என்னும் சிற்றூரில் 2014 சூன் 27 அன்று எரிவளிக் குழாய் வெடித்து இருபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இக்கேடுகளை முன்னறிய வழியில்லையா? உண்டு. குழாயின் அழுத்தக் குறைவைப் பார்த்துக் கசிவறியும் முறையில் சிறு கசிவுகள் தப்பிவிடும். லேசர் எனப்படும் சீரொளிக்கு அவை தப்புவதரிது. மீத்தேன் எரிவளி 1.65 மைக்ரோமீட்டரை ஒட்டிய அலைநீள ஒளியையும், கரிநெய்யாவி 3.4 மைக்ரோமீட்டரை ஒட்டிய ஒளியையும் விழுங்கும். அவ்வொளியை நிலத்தின்மேல் வீசி, மீள்வதை அளந்தால், குறைந்த ஒளியே கசிவைக் காட்டிக் கொடுக்கும். செருமனியில் உலங்கு வானூர்தியிலிருந்து இவ்வாறு ஆய்கின்றனர். குழாயோடு புதைத்த கண்ணாடியிழையுள் ஒளித்துடிப்புகளைச் செலுத்தினால், சிதறி மீளும் ஒளி, வெப்பமாற்றத்தையும் அதிர்வையும் இடத்தோடு உணர்த்தும்.

ஆயினும் கருவி கண்டதை உழவனுக்குச் சொல்லாவிடில் அவ்வொளி யாருக்கு? குழாய் செல்லும் ஒவ்வோர் ஊரிலும் ஆய்வளவுகள் ஊராட்சிப் பலகையில் தமிழில் எழுதப்பெறல் வேண்டும். கசிவு காணின் ஊரார்க்கே முதற்செய்தி போதல் வேண்டும். சட்டம் விட்ட பலகணியும் அடைபடல் வேண்டும்.

மண் உழவனுடையது, அதன் அடியில் நிகழ்வதை அறியும் உரிமையும் அவனுடையதே!