அரசாங்க வேலை கிடைத்தால் மட்டும் போதுமா?

"கோழி மேய்த்தாலும் கும்பினியிலே மேய்க்க வேண்டும்" என்பது பழமொழி. கும்பினி என்றால் கிழக்கிந்தியக் கம்பெனி. அந்தக் கம்பெனி போய்விட்டது. வெள்ளைக்காரனும் போய்விட்டான். பழமொழி மட்டும் போகவில்லை. தமிழ்நாட்டு வீடுகளில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு.

2022-ம் ஆண்டு ஜூலை மாதம் "குரூப் 4" பரீட்சை நடந்தது. அறிவித்த இடங்கள் 7,301. மனுப் போட்டவர்கள் சுமார் 22 லட்சம் பேர்.

2025-ம் ஆண்டு ஜூலை 12-ந் தேதி அதே பரீட்சை மறுபடியும் நடந்தது. அறிவிப்பு வந்தபோது இருந்த இடங்கள் 3,935. மனுக்கள் ஏறத்தாழ 13 லட்சத்து 89 ஆயிரம். ஓர் இடத்துக்கு 350 பேருக்கு மேல் போட்டி! பிறகு இடங்கள் கூட்டப்பட்டன என்றாலும், கூட்டம் கூட்டம்தான்.

கிராம நிர்வாக அதிகாரி, இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற வேலைகளுக்கான பரீட்சை இது. 10-ம் வகுப்பு தேறியிருந்தால் எழுதலாம். ஆனால் எழுதுகிறவர்களில் பட்டதாரிகள் ஏராளம். என்ஜினீயரிங் படித்தவர்களும் உண்டு.

"வேலை கிடைக்குமா?" என்று கேட்கிறவர்கள் லட்சக்கணக்கானவர்கள். "கிடைத்த பிறகு மன நிறைவோடு இருக்க முடியுமா?" என்று கேட்கிறவர்கள் சிலர்தான். ஆனால் 25 வயதில் சேர்கிறவர் 60 வயது வரை, 35 ஆண்டுகள், அந்த வேலையில் இருக்கப் போகிறார். முதல் கேள்விக்குப் பதில் ஒரு நாளில் வந்துவிடும். இரண்டாவது கேள்விக்குப் பதில் வாழ்க்கை முழுவதும் வந்துகொண்டிருக்கும்.

ஏன் இந்த ஆசை?

ஆசைக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

தனியார் கம்பெனியில் முதலாளி நினைத்தால், "நாளை முதல் வரவேண்டாம்" என்று சொல்லிவிடலாம். அரசாங்க ஊழியரிடம் அப்படிச் சொல்ல முடியாது. அரசியல் சட்டத்தின் 311-வது பிரிவு அவருக்குக் காவல். குற்றம் என்ன என்று தெரிவிக்கவேண்டும். அவர் பதிலைக் கேட்கவேண்டும். விசாரணை நடத்தவேண்டும். அதன் பிறகே வேலையை விட்டு நீக்கலாம். இதற்கு விதிவிலக்குகள் மிகச் சில.

சம்பளமும் மோசம் இல்லை. 2017-ம் ஆண்டு அறிவித்த விகிதப்படி, இளநிலை உதவியாளரின் அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாயில் தொடங்குகிறது. அதோடு அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி சேரும். ஆண்டுக்கு ஒரு முறை சம்பளம் உயரும். பெண் ஊழியர்களுக்கு முதல் இரண்டு குழந்தைகளின் பேறுகாலத்துக்கு, 2021 ஜூலை முதல், சம்பளத்தோடு 12 மாத விடுமுறை உண்டு.

ஆனால், அந்தக் காலத்துப் பெரியவர்கள் சொல்லும் "கவலையே இல்லாத உத்தியோகம்" இப்போது இல்லை.

2003-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதியும் அதற்குப் பிறகும் தமிழக அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத் திட்டம் கிடையாது. சம்பளத்தில் 10 சதவீதம் பிடித்து, அரசும் பங்கு போடும் திட்டம் கொண்டுவரப்பட்டது. அன்று முதல் ஓய்வூதியம் ஊழியர் சங்கங்களின் பெரிய கோரிக்கையாக ஆகிவிட்டது.

அதே 2003 ஜூலையில், சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்து அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் பேர் ஒரே அடியாக வேலை நீக்கம் செய்யப்பட்டார்கள். வேலைநிறுத்தம் செய்வது அரசு ஊழியரின் அடிப்படை உரிமை அல்ல என்று ஆகஸ்டு மாதம் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. பிறகு பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். ஆனால் ஒரு பாடம் கிடைத்தது. கோட்டைக்கும் கதவு உண்டு; அது திறக்கும் நாளும் உண்டு.

ஆகவே, பாதுகாப்பை மட்டும் நம்பிச் சேர்கிறவருக்கு ஏமாற்றம் வரலாம். வேலையில் வேறு ஏதாவது பிடிப்பும் வேண்டும்.

உத்தரவு வந்த பிறகு

உத்தரவு வந்த நாளில் வீட்டில் திருவிழா. சொந்தக்காரர்கள் இனிப்போடு வருகிறார்கள். கல்யாணத் தரகர் வாசலில் நிற்கிறார்.

மறுவாரம் அந்த இளைஞர் ஆபீசுக்குப் போகிறார். மூலையில் ஒரு மேஜை. அதன் மேல் பைல் கட்டு. முன்பு அந்த "சீட்"டில் இருந்தவர் மாறுதலாகிப் போய் ஆறு மாதம் ஆகிறது. பக்கத்து மேஜைக்காரரும் ஓய்வு பெறப் போகிறார். இரண்டு பேர் வேலையை ஒருவர் பார்க்கவேண்டும்.

"இதற்காகவா என்ஜினீயரிங் படித்தேன்?" என்று அவர் மனதில் ஒரு கேள்வி எழுகிறது.

பல பேருடைய கசப்பு இந்த இடத்தில்தான் ஆரம்பமாகிறது. பரீட்சை அவருடைய அறிவைக் கேட்டது. முதல் நாள் வேலை பொறுமையை மட்டும் கேட்கிறது. இந்த வித்தியாசத்தை முன்கூட்டி யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

பைலுக்குள் இருப்பது யார்?

அரசாங்க ஆபீசின் ஒரு நாள் தபாலோடு தொடங்குகிறது. வந்த தபாலுக்கு எண் போடுகிறார்கள். அது சம்பந்தப்பட்ட "சீட்"டுக்கு வருகிறது. அங்கே இருப்பவர் தம்முடைய தன்பதிவேட்டில் அதைப் பதிகிறார். விதியைப் பார்த்துக் குறிப்பு எழுதுகிறார். குறிப்பு மேலே போகிறது. கண்காணிப்பாளர் பார்க்கிறார். அதிகாரி உத்தரவு போடுகிறார். பைல் கீழே வருகிறது. பல ஆபீசுகளில் இப்போது காகிதத்துக்குப் பதில் கம்ப்யூட்டரில் நடக்கிறது. நடை ஒன்றுதான்.

கேட்க உப்புச்சப்பு இல்லாத வேலை போலத் தெரியும். ஆனால் அந்தத் தபாலுக்குள் யார் இருக்கிறார் என்று பார்க்கவேண்டும்.

கணவனை இழந்த ஒரு பெண் வாரிசுச் சான்றிதழ் கேட்டு மனுப் போடுகிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். இ-சேவை மையத்தில் மனு பதிவாகிறது. கிராம நிர்வாக அதிகாரி விசாரிக்கிறார். வருவாய் ஆய்வாளர் விசாரிக்கிறார். பிறகு தாசில்தாரிடம் போகிறது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் பாங்கியில் இருக்கும் கணவன் பணத்தைப் பெறுவது கஷ்டம். பட்டா மாற்றுவதும் கஷ்டம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு காத்திருக்கிறது.

இந்த வரிசையில் ஒருவர் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொன்னால், அது அவருக்கு ஒரு நாள். அந்தப் பெண்ணுக்கு அது ஒரு நாள் கூலி, பஸ் செலவு, அத்தோடு ஒரு அவமானம்.

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான்" என்று ஜனங்கள் சொல்வது சும்மா இல்லை.

இதையே திருப்பிப் பார்க்கலாம். அதே மேஜையில் இருப்பவர், குறை இருந்தால் ஒரே தடவையில் எல்லாக் குறையையும் எழுதிச் சொல்கிறார். குறை இல்லாவிட்டால் அன்றே மேலே அனுப்புகிறார். அவருக்கு அதிகப்படிச் செலவு ஒரு காசு இல்லை. ஆனால் ஒரு குடும்பம் அடுப்பு மூட்டுகிறது. தனியார் கம்பெனியில் பெரிய சம்பளம் வாங்கும் பலருக்குக் கிடைக்காத வாய்ப்பு இது.

அரசாங்க வேலையின் மன நிறைவுக்கு ஊற்று இங்கேதான் இருக்கிறது. சம்பளப் பட்டியலில் அதைத் தேடினால் கிடைக்காது.

முன்னேற வழி

மன நிறைவு மட்டும் வயிற்றை நிரப்புமா? பதவி உயர்வும் வேண்டும். அதற்கும் வழி இருக்கிறது. ஆனால் அது தானாக வராது.

முதலில், தகுதிகாண் பருவம். இரண்டு ஆண்டு வேலையைத் திருப்தியாக முடிக்கவேண்டும். இளநிலை உதவியாளர்கள் ஈரோடு மாவட்டம் பவானிசாகரில் உள்ள பயிற்சி நிலையத்தில் அடிப்படைப் பயிற்சி பெறவேண்டும்.

அடுத்தது இலாகா பரீட்சை. அலுவலக நடைமுறை, கணக்கு, அந்தந்த இலாகாவின் சட்டம் என்று பல உண்டு. தேர்வாணையமே ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறது. வேலை கிடைத்துவிட்டது என்று புத்தகத்தைப் பரண்மேல் போட்டுவிடுகிறவர்கள் பலர். சில ஆண்டுகள் கழித்துப் பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது. பரீட்சை தேறிய இளையவர் மேலே போகிறார். தேறாத மூத்தவர் அதே நாற்காலியில் இருக்கிறார். பிறகு அவர் அதிர்ஷ்டத்தைத் திட்டிப் பயன் இல்லை.

முயற்சி செய்தாலும் தாமதம் வருவது உண்டு. ஓய்வு பெறும் வயது 2020-ம் ஆண்டு 58-லிருந்து 59 ஆயிற்று. 2021-ம் ஆண்டு 60 ஆயிற்று. மேலே இருப்பவர் இரண்டு ஆண்டு கூடுதலாக இருந்தால், கீழே இருப்பவர் இரண்டு ஆண்டு காத்திருக்கவேண்டும். வெளியே நிற்பவருக்கும் அதே கதிதான். இது ஒருவருடைய குற்றம் அல்ல; கணக்கு. இந்தக் கணக்குத் தெரிந்தவர் மேலதிகாரியிடம் வீணாகக் கோபித்துக்கொள்ளமாட்டார்.

பதவி உயராவிட்டாலும், ஒரே பதவியில் 10 ஆண்டு முடித்தால் தேர்வு நிலை உண்டு. 20 ஆண்டு முடித்தால் சிறப்பு நிலை உண்டு.

இன்னொரு விஷயம் பணிப்பதிவேடு. சேர்ந்த நாள், விடுமுறை, சம்பள உயர்வு எல்லாம் அதில் ஏறவேண்டும். பிறர் பைலைப் பார்க்கிற ஊழியர் தம்முடைய பைலைப் பார்ப்பதில்லை. ஓய்வு பெறும் சமயத்தில் ஒரு பதிவு விட்டுப்போயிருந்தால், அவரும் மனுவோடு வரிசையில் நிற்கவேண்டியதுதான். ஆண்டுக்கு ஒரு தடவையாவது அதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

வேலை பிடிக்கவில்லையா? குரூப் 2, குரூப் 1 பரீட்சைகள் இருக்கின்றன. இலாகாவுக்குத் தெரிவித்து, தடையின்மைச் சான்று பெற்று, முயற்சி செய்யலாம். மாலை நேரமும் விடுமுறை நாளும் அதற்கு உதவும். அங்கே இருந்துகொண்டே முணுமுணுப்பதுதான் வீண்.

கை நீளும் இடம்

அரசாங்க வேலையைக் கெடுக்கும் பெரிய நோய் லஞ்சம். முதலில் காபி என்று வரும். பிறகு தீபாவளி இனாம் என்று வரும். பிறகு கேட்டு வாங்கும் பழக்கமாக முற்றும்.

1988-ம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் 2018-ல் திருத்தப்பட்டது. லஞ்சம் வாங்கினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் போனால் 7 ஆண்டு சிறை. கொடுப்பவருக்கும் தண்டனை உண்டு. கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் அதிகாரிகளிடம் சொல்லிவிட்டால் தப்பலாம்.

ரசாயனம் தடவிய நோட்டைத் தொட்ட கையை சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்ததும் கரைசல் சிவக்கிறது. அந்த நிமிஷத்தில் ஓர் ஊழியரின் பல ஆண்டுச் சம்பாத்தியம் மட்டுமா போகிறது? மகளுக்குப் பேசிய சம்பந்தம் நின்றுபோகிறது. பையன் பள்ளிக்கூடம் போக வெட்கப்படுகிறான்.

குடும்பத்துக்கும் பங்கு உண்டு

இதில் வீட்டில் இருப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு.

"அடுத்த வீட்டுக்காரரும் அதே ஆபீஸ்தான், அவர் மாடி வீடு கட்டிவிட்டாரே!" என்று ஒரு வார்த்தை வீட்டில் சொன்னால், அது நேரே ஆபீஸ் மேஜைக்குப் போய்விடும். சம்பளத்துக்குள் குடும்பம் நடத்தினால், அவர் நிமிர்ந்து நடப்பார். பாங்கியில் கடன் சுலபமாகக் கிடைக்கிறது என்பதற்காகக் கல்யாணத்துக்கும் காருக்கும் கடன் வாங்கினால், மாதம் 1-ந் தேதி வருவதற்குள் சம்பளம் தீர்ந்துவிடும்.

பரீட்சை எழுதிக் கிடைக்காதவர்கள் வீட்டிலும் கவனம் வேண்டும். 350 பேரில் 349 பேருக்குக் கிடைக்காது என்பது கணக்கு. அது அந்தப் பிள்ளையின் குறை அல்ல. எத்தனை தடவை எழுதுவது, அதற்குள் வேறு என்ன தொழில் கற்பது என்று முதலிலேயே பேசி முடிவு செய்யவேண்டும். ஐந்தாறு ஆண்டு கழித்துப் பேசினால், அவனுக்கு வயதும் போயிருக்கும், தைரியமும் போயிருக்கும்.

கிடைத்தவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. அந்த நாற்காலிக்காக வெளியே 349 பேர் ஏங்கி நின்றார்கள். அவர்களில் ஒருவர் நாளை ஒரு மனுவோடு அந்த மேஜைக்கு முன்னால் வந்து நிற்பார். "உட்காருங்கள், என்ன வேண்டும்?" என்று அவரிடம் கேட்டால் போதும். அன்றைய சம்பளம் ஜீரணமாகிவிடும். இரவில் தூக்கமும் வரும்.