குதிரைக்குக் கால் வலித்தால் சந்தா ஏறும், நம் வண்டிக்கு?

குடும்பக் கணக்கு

குதிரைக்கும் காப்புறுதி உண்டு என்று சொன்னால் சிரிப்பீர்கள். உண்மைதான், வாசக அன்பர்களே! இங்கிலாந்திலே குதிரை வளர்ப்பவர்கள் அதற்காக மாதாமாதம் சந்தா கட்டுகிறார்கள். பந்தயக் குதிரை வைத்திருக்கும் கோடீஸ்வரர்கள் மட்டுமல்ல. மகள் ஏறிப் பழகட்டும் என்று ஒரே ஒரு மட்டக் குதிரையை வளர்க்கும் சாதாரணக் குடும்பங்களும் கட்டுகின்றன. குதிரைக்குக் குடல் முறுக்கிக் கொண்டால் அறுவைச் சிகிச்சைக்கு ஆயிரக்கணக்கான பவுன் வேண்டும். மனிதர்களுக்கு அங்கே அரசாங்க மருத்துவமனை இருக்கிறது. குதிரைக்கு ஏது?

சரி, குதிரை நொண்டுகிறது. மிருக வைத்தியர் வருகிறார், படம் பிடிக்கிறார், ஊசி போடுகிறார். பில்லைக் காப்புறுதிக் கம்பெனி கொடுத்து விடுகிறது. சொந்தக்காரர் மகிழ்ச்சியாக இருக்கிறார். அடுத்த ஆண்டு பாலிசியைப் புதுப்பிக்கும் கடிதம் வரும்போதுதான் சங்கதி தெரிகிறது. சந்தா ஏறியிருக்கும். அதோடு கீழே ஒரு வரி இருக்கும்: இடது முன்னங்காலுக்கு இனி நஷ்டஈடு கிடையாது! நான்கு கால் குதிரைக்கு மூன்று காலுக்குத்தான் காப்புறுதி. கோபித்துக் கொண்டு வேறு கம்பெனிக்குப் போனால், அவர்களும் வைத்தியரின் பழைய குறிப்பைக் கேட்பார்கள். அதே காலை அவர்களும் ஒதுக்கி விடுவார்கள். அதனால் விவரம் தெரிந்தவர்கள் சின்னப் பில்லைக் கையிலிருந்து கொடுத்து விட்டு, பெரிய செலவுக்கென்று பாலிசியை வைத்திருக்கிறார்கள்.

நமக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? துரைமார்கள் குதிரையேறித் தோட்டத்தைச் சுற்றி வந்த காலம் மலையேறி விட்டது. சிங்கப்பூரிலோ 2024 அக்டோபர் 5-ஆம் நாளோடு குதிரைப் பந்தயமே நின்று போயிற்று. ஆனாலும் நம் வீட்டு வாசலிலும் ஒரு குதிரை நிற்கத்தான் செய்கிறது. புல்லுக்குப் பதில் பெட்ரோல் குடிக்கிறது, அவ்வளவுதான். அதிகாலையில் செம்பனைக் காட்டுக்குப் போகும் மோட்டார் சைக்கிளையும், கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்தையே ஏற்றிக் கொண்டு போகும் பழைய காரையும் சொல்கிறேன். இவற்றுக்கு நஷ்டஈடு கேட்டால் சந்தா ஏறுமா, ஏறினால் எவ்வளவு, கேட்பது லாபமா கேட்காமல் இருப்பது லாபமா என்ற கணக்கை இந்த வாரம் போட்டுப் பார்ப்போம். பென்சிலை எடுத்து வைத்துக் கொள்ளுங்கள்.

காப்புறுதிக் கடிதத்தில் என்.சி.டி. என்று மூன்று எழுத்து இருக்கும். ஓர் ஆண்டு முழுக்க நஷ்டஈடு கேட்காமல் இருந்ததற்காகக் கம்பெனி தரும் கழிவு அது. மலேசியாவில் சொந்தக் காருக்கு முதல் ஆண்டு முடிந்ததும் 25 விழுக்காடு. அடுத்து 30, அதற்கடுத்து 38.33, பிறகு 45, ஐந்து ஆண்டுகள் ஆனபின் 55 விழுக்காடு. அதற்கு மேல் ஏறாது. ஒரே ஒரு தடவை உங்கள் பேரில் நஷ்டஈடு போய் விட்டால், அடுத்த முறை புதுப்பிக்கும்போது இந்த 55 பூஜ்யமாகி விடும். பரமபதத்தில் மேல் கட்டத்துக்கு ஏறியவனைப் பாம்பு கொத்தி அடியில் தள்ளுகிற கதைதான். முந்நூறு வெள்ளிக்குக் கேட்டாலும் முப்பதாயிரம் வெள்ளிக்குக் கேட்டாலும் சறுக்கல் ஒன்றே! இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. சிங்கப்பூரில் காருக்கு ஆண்டுக்குப் பத்துப் பத்தாக ஏறி 50 வரை போகும். ஒரு தடவை கேட்டால் 50 இருபதாக இறங்கும், 40 பத்தாக இறங்கும். அங்கே பாம்பு கொஞ்சம் சிறியது.

இப்போது கணக்கு. உங்கள் காருக்குக் கழிவு இல்லாத சந்தா ஆயிரம் வெள்ளி என்று வைத்துக் கொள்வோம். 55 விழுக்காடு கழிவு இருப்பதால் நீங்கள் கட்டுவது 450. இந்த ஆண்டு நஷ்டஈடு கேட்டு விட்டீர்கள். அடுத்த ஆண்டு முழு ஆயிரமும் கட்ட வேண்டும், 550 கூடுதல். அதற்கடுத்த ஆண்டு 750, கூடுதல் 300. பிறகு 700, கூடுதல் 250. பிறகு 616 வெள்ளி 70 காசு, கூடுதல் 166.70. பிறகு 550, கூடுதல் 100. ஆறாவது ஆண்டில்தான் பழைய 450-க்குத் திரும்புவீர்கள். கூடுதல்களைக் கூட்டுங்கள்: 1,366 வெள்ளி 70 காசு! இதற்கு மேல் 8 விழுக்காடு சேவை வரியும் உண்டு. 2017 ஜூலை முதல் முழுக் காப்புறுதியின் அடிப்படை விலையை ஒவ்வொரு கம்பெனியும் தன் கணக்குப்படி வைத்துக் கொள்ளலாம் என்றாகி விட்டதால், விபத்துக்குப் பிறகு அந்த ஆயிரமே கூடவும் இடமுண்டு.

ஆக, இந்தக் காருக்கு ஏறக்குறைய 1,400 வெள்ளிக்குக் குறைந்த சேதமென்றால் கம்பெனியிடம் போவதில் லாபமில்லை.

மகன் இப்போதுதான் லைசென்ஸ் எடுத்து, இன்னும் 'பி' ஒட்டிக் கொண்டு ஓட்டுகிறான், தூணில் இடித்து விட்டான் என்று வையுங்கள். பட்டறையில் 1,800 வெள்ளி என்கிறார்கள். 'பி' லைசென்ஸ்காரர் ஓட்டினாலும், 21 வயதுக்குக் குறைந்தவர் ஓட்டினாலும், பாலிசியில் பெயர் எழுதாதவர் ஓட்டினாலும், முதல் 400 வெள்ளி உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும். கம்பெனி தருவது 1,400. வரும் ஆண்டுகளில் நீங்கள் கூடுதலாகக் கட்டப் போவது 1,366.70. மிச்சம் 33 வெள்ளி 30 காசு! வரியைச் சேர்த்தால் அதுவும் போய் நஷ்டமாகி விடும். கார் பத்து வயதைத் தாண்டியிருந்தால் இன்னொன்றும் உண்டு. பழைய பாகத்தை எடுத்துப் புதிய பாகம் போட்டால் அதன் விலையில் 40 விழுக்காடு வரை உங்களைக் கேட்பார்கள். பட்டறைக்காரர் “எல்லாம் இன்சூரன்ஸ் பார்த்துக்கும் அண்ணே” என்று சொல்லும்போது இந்தக் கணக்கு அவர் வாயில் வராது. அவருக்கு அது தேவையும் இல்லை.

மோட்டார் சைக்கிளுக்கு வருவோம். நம் வாசகர்களில் பலருக்கும் இதுதான் முக்கியம். மலேசியாவில் மோட்டார் சைக்கிளுக்குக் கழிவு 15, 20, 25 என்று மூன்றே படிதான். கழிவில்லாத சந்தா 200 வெள்ளி என்றால் 25 விழுக்காடு போக நீங்கள் கட்டுவது 150. கழிவு போய் விட்டால் 200, பிறகு 170, பிறகு 160, அப்புறம் மறுபடி 150. மொத்தக் கூடுதல் எவ்வளவு? எண்பது வெள்ளி!

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? சாலையில் யாருடைய காரையோ உரசி விட்டால், “போலீசுக்குப் போனால் இன்சூரன்ஸ் ஏறி விடும்” என்று யாராவது மிரட்டுவார்கள். நம் ஆட்களும் பயந்து, கடன் வாங்கியாவது ஐந்நூறு அறுநூறு வெள்ளியை அங்கேயே எண்ணிக் கொடுத்து விட்டு வருவார்கள். எண்பது வெள்ளியைக் காப்பாற்ற ஐந்நூறு வெள்ளியா? உங்கள் பாலிசி மூன்றாம் நபருக்கு மட்டும் என்றால், அதிலிருந்து உங்கள் வண்டிக்கு ஒரு காசும் வராது. அது இருப்பதே நீங்கள் இடித்த மற்றவருக்குக் கொடுப்பதற்காகத்தான். அதற்காகத்தானே ஆண்டுதோறும் கட்டி வருகிறீர்கள்!

யாருக்காவது அடிபட்டிருந்தால் கழிவுக் கணக்கே போடாதீர்கள். சின்னக் காயம் என்று கைகுலுக்கிப் போனவர் மாதங்கள் கழித்து வக்கீல் கடிதம் அனுப்பலாம். அப்போது கையில் போலீஸ் ரிப்போர்ட்டும் இல்லை, கம்பெனிக்குத் தகவலும் கொடுக்கவில்லை என்றால் கம்பெனி உங்கள் மேலேயே பாயும். விபத்து நடந்து 24 மணி நேரத்துக்குள் போலீசில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். கம்பெனிக்கும் எழுதுங்கள். தகவல் சொல்வது வேறு, நஷ்டஈடு கேட்பது வேறு.

தப்பு நம்முடையது இல்லை என்றால்? சிவப்பு விளக்கில் நின்றிருந்த உங்கள் காரைப் பின்னால் வந்தவர் இடித்தார். இங்கே நீங்கள் எதையும் இழக்க வேண்டியதில்லை. அவருடைய கம்பெனியிடமே நஷ்டஈடு கேட்கலாம். இரண்டு கார்களுக்கும் முழுக் காப்புறுதி இருந்து, தப்பு அவருடையது என்று போலீஸ் ரிப்போர்ட்டும் இருந்தால், உங்கள் கம்பெனியிடமே கேட்டுப் பழுது பார்த்துக் கொள்ளலாம், கழிவு குறையாது. இதற்கு 'நாக் ஃபார் நாக்' என்று பெயர். ஆனால் பாரத்தில் எந்த வகை என்று குறித்திருக்கிறது என்பதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். சாதாரண சொந்தச் சேதம் என்று எழுதி விட்டால் பாம்பு கடித்து விடும். முன் கண்ணாடிக்குத் தனியாகச் சிறு தொகை கட்டிச் சேர்த்திருந்தால், கல் பட்டு உடைந்த கண்ணாடிக்குக் கேட்பதாலும் கழிவு போகாது. மண்சாலையில் லோரிக்குப் பின்னால் ஓட்டுகிறவர்களுக்கு அது வீண் செலவல்ல.

வீட்டில் மருத்துவ அட்டை வைத்திருப்பவர்கள் வேறு ஒரு பயத்தில் இருக்கிறார்கள். அம்மாவுக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரியில் கேட்டோம், அதனால்தான் சந்தா ஏறியது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மருத்துவ அட்டையில் தனி ஒருவர் கேட்டதற்காக அவருக்கு மட்டும் ஏற்றுவதில்லை. அந்தத் திட்டத்தில் சேர்ந்த எல்லாருக்கும் சேர்த்து எவ்வளவு செலவாயிற்று என்று பார்த்து எல்லாருக்கும் ஏற்றுகிறார்கள். வயது ஒரு படி கூடும்போதும் ஏறும். எனவே அம்மா வலியைப் பொறுத்துக் கொண்டு அட்டையைக் காட்டாமல் இருப்பதால் ஒரு காசு கூட மிச்சமாகாது!

2024-இல் இந்த ஏற்றம் தாங்க முடியாமல் போய் ஊரெல்லாம் கூச்சல் எழுந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டது. ஏற்றத்தை ஒரேயடியாகப் போடாமல் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துப் போட வேண்டும், குறைந்த திட்டத்தில் இருக்கும் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஓராண்டு ஏற்றக் கூடாது என்று கம்பெனிகளுக்குச் சொன்னது.

கோபத்தில் பழைய அட்டையை நிறுத்தி விட்டு, மலிவாக இருக்கிறதே என்று புதியது வாங்குகிறவர்களுக்குத்தான் அந்த இங்கிலாந்துக் குதிரையின் கதை பொருந்தும். அப்பாவுக்கு முன்பே சர்க்கரை, இரத்த அழுத்தம் இருந்தால் புதிய கம்பெனி அந்த நோயை ஒதுக்கி விடலாம், அல்லது சேர்க்கவே மறுக்கலாம். சொல்லாமல் மறைத்துச் சேர்ந்தாலோ, படுக்கையில் விழுந்த நாளில் பாலிசி செல்லாது என்பார்கள். கட்ட முடியவில்லையென்றால் முதலில் அதே கம்பெனியில் குறைந்த திட்டத்துக்கு இறங்க முடியுமா என்று கேளுங்கள். முகவர் மழுப்பினால் கம்பெனி அலுவலகத்துக்கே எழுதுங்கள்.

கேட்டாலும் ஏறாத ஒன்று நம்மிடம் உண்டு. தோட்டத்து மக்கள் அதைத்தான் அதிகம் விட்டு விடுகிறார்கள். சொக்சோ! 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. சம்பளத்தைப் பார்த்துத்தான் பிடிப்பார்கள். எத்தனை தடவை கேட்டாலும் உங்கள் பிடித்தம் ஏறாது. வேலைக்காட்டில் குலை விழுந்து அடிபட்டால் மட்டுமல்ல, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலும் மோட்டார் சைக்கிளில் விழுந்தாலும் சொக்சோ உண்டு. வண்டிக்கு அல்ல, ஆளுக்கு. வைத்தியம், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குப் பணம், ஊனம் ஏற்பட்டால் அதற்குத் தனி. ஆனால் வழியில் சொந்த வேலையாக வேறு பக்கம் திரும்பியிருந்தால் தகராறு வரும்.

விபத்தைப் பற்றி முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். கிராணியிடம் வாயால் சொல்லி விட்டு வந்தால் போதாது, எழுதிக் கொடுங்கள். போலீஸ் ரிப்போர்ட், ஆஸ்பத்திரிச் சீட்டு, அன்று வேலைக்கு வந்த பதிவு, வீட்டிலிருந்து வேலைத்தளத்துக்குப் போகும் வழியைக் காட்டும் படம் ஆகியவற்றின் நகலை வீட்டில் ஒரு உறையில் போட்டு வையுங்கள். அடிபட்டவர் படுத்திருந்தால் மனைவியோ பிள்ளையோ போய்ச் சொக்சோ அலுவலகத்தில் கேட்கலாம். பாரத்துக்குக் காசு கிடையாது.