வாழைக்குச் சொட்டுநீர் போடணுமா? சிட்டாவில் யார் பேர் இருக்குன்னு பாருங்க

ஸ்ரீரங்கம் தாலுகா வாழைத் தோட்டங்களில் பெண்கள் உழைப்பு இல்லாமல் ஒரு தார்கூட வெளியே போகாது. ஆனா, தண்ணீரை மிச்சப்படுத்தச் சொட்டுநீர் போடலாமான்னு முடிவெடுப்பது யார்? பெரும்பாலும் சிட்டாவில் பேர் இருப்பவர்தான். சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழக அரசு 100% மானியம் தருது; அதுக்குச் சிட்டா, அடங்கல் வேணும். 2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி, நாட்டில் சாகுபடி நிலப் பொறுப்பாளர்களில் பெண்கள் சுமார் 14% மட்டுமே.

சட்டம் இல்லையா? இருக்கு. இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கு 1989-லேயே தமிழகம் சம பங்கு கொடுத்தது. அந்த மார்ச் 25-க்கு முன்னாடி கல்யாணமானவர்களுக்குக் கிடையாது. 2005 மத்திய சட்டத் திருத்தம் வந்த பிறகு கல்யாணத் தேதி தடையில்லை. ஆனாலும் 'அண்ணன்கிட்ட போய்ப் பங்கு கேட்பாங்களா' என்ற பேச்சுக்குப் பயந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து விழுது.

கணவர் இறந்து, பட்டா அவர் பேரிலேயே கிடந்தாலும் இதே சிக்கல்தான்: தோட்டம் மனைவி கையில், மானியம் கைக்கு எட்டாது. வாரிசுச் சான்று வாங்கி இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிப்பதுதான் முதல் வேலை. குழாய் அப்புறம்.