பனங்கள்ளு: கெட்டுப்போறதுதான் அதோட நல்ல குணம்

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். இது "வாங்க குடிக்கலாம்"னு கூப்பிடுற பதிவு இல்ல. தமிழ்நாட்டுல கள் இறக்குறதும் விக்கிறதும் இன்னைக்கும் சட்டப்படி குத்தம். மாட்டினா கேஸ்தான். அப்புறம் "அண்ணே, நீங்க சொன்னீங்கன்னுதான்..."னு யாரும் வந்து நிக்கப்படாது :-)

ஆனா விஷயத்தைப் பேசாம இருக்க முடியல. கமுதியில இருந்து முதுகுளத்தூர், கடலாடி, சாயல்குடின்னு கடலைப் பார்த்துப் போனா ரெண்டு பக்கமும் கருவேலங்காடும் பனையும்தான். வெளியூர்க்காரங்களுக்குக் கமுதின்னா 2016ல் வந்த 648 மெகாவாட் சோலார் பிளாண்ட் ஞாபகம் வரும். எங்களுக்கு வெயில்ல விளையிற இன்னொரு சரக்கு உண்டு. அது பனைமரத்து உச்சியில, கலயத்துக்குள்ள, யாரும் கிண்டாம கிளறாம தன்னாலே விளையும்.

எப்படி விளையுதுன்னு கொஞ்சம் சொல்லிடறேன். நிறைய பேர் கள்ளையும் சாராயத்தையும் ஒண்ணுன்னே நினைச்சிட்டு இருக்காங்க. பாளையை நசுக்கி, கட்டி, தினமும் மெலிசா சீவிவிட்டா சாறு சொட்டும். கலயத்தோட உள்பக்கம் சுண்ணாம்பு தடவியிருந்தா அது பதநீர். தடவலைன்னா கள். வித்தியாசம் அம்புட்டுத்தான். சுண்ணாம்பு இருந்தா நொதிக்க வைக்கிற கிருமிக்கு வேலை ஓடாது. இல்லைன்னா காத்துலயும் பாளையிலயும் பழைய கலயத்து ஓரத்துலயும் ஒட்டியிருக்கிற ஈஸ்ட், மரத்துல தொங்கும்போதே வேலையை ஆரம்பிச்சிடும். பேக்கரிக்காரர் மாவுல போடுறாரே, அந்த ஈஸ்ட்டோட சொந்தக்காரன்தான். கூடவே பாக்டீரியாவும் இருக்கும். காலையில இறக்கும்போது நுரை பொங்கும், இனிப்பும் புளிப்பும் சேர்ந்து இருக்கும். மத்தியானம் தாண்டினா இனிப்பு குறைஞ்சு சுருக்குன்னு ஏறும். மறுநாளைக்குப் புளிச்சு, அதுக்கு மேல போனா காடிதான்.

இதுல ஒரு கணக்கு இருக்கு. பனஞ்சாறுல லிட்டருக்கு நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேல சர்க்கரை இருக்கும். நொதிச்சா அதுல ஏறக்குறைய பாதி ஆல்கஹாலாகும், மீதி பாதி கரியமில வாயுவா நுரைச்சுப் போயிடும். அதனால கள்ளுல போதை ஏற ஒரு உச்சவரம்பு இருக்கு. அஞ்சு சதவீதம் பக்கத்துல நிக்கும். கேரள கள்ளுக்கடை விதியே பனங்கள்ளுக்கு 5.2 சதவீதம், தென்னங்கள்ளுக்கு 8.1 சதவீதம்னுதான் வரம்பு வச்சிருக்கு. டாஸ்மாக் சரக்கு 42.8 சதவீதம். ஒரு குவார்ட்டருக்குள்ள இருக்கிற ஆல்கஹால் சுமார் 77 மில்லி. அதே அளவு உள்ள போகணும்னா ஒண்ணரை லிட்டர் கள் குடிக்கணும். வயிறு முதல்ல கையை உயர்த்திடும்.

அதுக்காக "கள் உணவு, போதை இல்லை"ன்னு மேடையில பேசுறதை நான் ஒத்துக்க மாட்டேன். கள் இயக்கம் நல்லசாமி ஐயா பல வருசமா இதைச் சொல்லிக்கிட்டு வர்றார். 2025 ஜூன்ல சீமான் பெரியதாழையில பனை ஏறியே காட்டினார். அவங்க கேக்குற உரிமையில எனக்கு உடன்பாடு, சொல்ற காரணத்துல இல்ல. ஆல்கஹால் எந்தப் பாத்திரத்துல இருந்தாலும் ஆல்கஹால்தான். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988லேயே அதைப் புற்றுநோய் உண்டாக்குற பட்டியல்ல முதல் வரிசையில வச்சிடுச்சு. கள்ளுல விட்டமின் பி இருக்குதான். இட்லி மாவுலயும் இருக்கு. அதனால பிள்ளைக்குக் குடுக்கலாம், சூட்டுக்கு நல்லது, மஞ்சக்காமாலை போகும்ங்கிற கதையெல்லாம் வேணாம். ஈரல் கெட்டவனுக்குக் கள்ளை மருந்துன்னு குடுக்கிறது கொலைக்குச் சமானம். ருசிக்காகவும் லேசான கிறுகிறுப்புக்காகவும் குடிக்கிறாங்கன்னு நேரா சொல்லிட்டுப் போகலாமே. சந்தோஷத்துக்கு எதுக்கு மருத்துவச் சான்றிதழ்?

சரி, ஆபத்து எங்க இருக்கு?

சாவு கொண்டு வர்றது மெத்தனால். பனஞ்சாறு நொதிச்சு மெத்தனால் ஆபத்தான அளவுக்கு வராது. பழத்தோல்ல இருக்கிற பெக்டின் மாதிரி சமாசாரம்தான் அதுக்கு மூலம், பனஞ்சாறுல அது இல்லாத மாதிரிதான். கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல 2024 ஜூன்ல 65 பேருக்கு மேல செத்தாங்களே, அது நொதிச்ச எதுவும் இல்ல. ஃபேக்டரிக்குன்னு தயாரான மெத்தனாலைத் தண்ணியில கலந்து பாக்கெட்ல கட்டினது. 2023 மே மாசம் மரக்காணம் பக்கத்துல எக்கியார்குப்பத்துலயும் செங்கல்பட்டு மாவட்டத்துலயும் சேர்த்து 20 பேருக்கு மேல போனதும் அதே மெத்தனால்தான். உடம்புக்குள்ள போனா அது ஃபார்மிக் அமிலமா மாறி முதல்ல கண் நரம்பைப் பிடிக்கும். குடிச்சவனுக்குக் கண்ணு மங்குதுன்னா, வாந்தி எடுத்தா சரியாயிடும்னு உக்கார வைக்கக் கூடாது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும். கேஸ் வரும்னு பயந்து வீட்டுலயே படுத்திருந்து செத்தவங்க இந்த மாதிரி ஒவ்வொரு சம்பவத்துலயும் உண்டு.

அப்ப கள்ளு கடை திறந்துட்டா எல்லாம் சரியாயிடுமான்னு கேட்டா, ஆகாது. இங்கதான் கள் ஆதரவாளர்கள் வேகமா தாண்டிப் போற ரெண்டு ஊர் இருக்கு.

ஒண்ணு கேரளா. 2010 செப்டம்பர்ல மலப்புரம் மாவட்டத்துல, லைசென்ஸ் உள்ள கடைக் கள்ளு குடிச்சே 20 பேருக்கு மேல செத்தாங்க. கள்ளுல வீரியம் ஏத்த ஸ்பிரிட் ஊத்தியிருக்காங்க, அதுல மெத்தனால் இருந்திருக்கு. ஏன் ஊத்தணும்? கடை நிறைய, மரம் கம்மி, ஏற ஆள் அதைவிடக் கம்மி. பாலக்காடு சித்தூர்ல இறக்கின கள்ளு வண்டி ஏறி வேற வேற மாவட்டத்துக்குப் போகுது. வழியிலயே அது புளிக்க ஆரம்பிச்சிடும். குறைஞ்சதை நிரப்பணும், புளிச்சதை மறைக்கணும். கேனைத் திறந்து எதையாவது ஊத்து!

ரெண்டாவது தெலங்கானா. அங்க ஊத்துறது ஸ்பிரிட் இல்ல, தூக்க மாத்திரைத் தூள். அல்ப்ரஸோலம், டயஸிபாம், குளோரல் ஹைட்ரேட். 2015ல் நிஜாமாபாத் பக்கம் கலப்படத்தை அதிகாரிங்க இறுக்கிப் பிடிச்சதும், வழக்கமா குடிக்கிறவங்க கை கால் நடுங்கி, பிதற்றி, வரிசையா ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. அவங்க இத்தனை வருசமா கள்ளுக்கு அடிமைன்னு நினைச்சது மாத்திரைக்கு அடிமையா இருந்தது! 2025 ஜூலைல ஹைதராபாத் கூகட்பல்லியிலயும் கலப்படக் கள்ளால சாவு விழுந்துச்சு.

இதை வச்சு என் கருத்து இதுதான். கள்ளோட பாதுகாப்பே அது சீக்கிரம் கெட்டுப்போறதுலதான் இருக்கு. காலையில இறக்கி சாயங்காலத்துக்குள்ள அந்த மரத்தடியிலயே தீர்ந்துட்டா, அதுல கலக்க நேரமும் இல்ல, கலக்கத் தேவையும் இல்ல. கெடாம வைக்கணும், நூறு கிலோமீட்டர் தாண்டி விக்கணும், மரம் தர்றதைவிட அதிகமா விக்கணும்னு ஆசைப்படுற நிமிசத்துல விஷம் உள்ள வந்துடுது.

நம்ம சட்டம் இந்த மாதிரி நுணுக்கம் எல்லாம் பார்க்காதுன்னு சிலர் சொல்வாங்க. கஞ்சாவை எடுத்துக்கங்க. மண்டபம், வேதாளைன்னு எங்க மாவட்டத்துக் கடற்கரைப் பேரு பேப்பர்ல வந்தாலே பாதி நாள் இலங்கைக்குப் போக இருந்த கஞ்சா மூட்டையாத்தான் இருக்கும். அம்புட்டுக் கடுமையான 1985ஆம் வருச போதைப்பொருள் சட்டமே ஒரே செடியைப் பிரிச்சுப் பார்க்குது. பூவும் காயும் உள்ள நுனிதான் கஞ்சா. நுனி சேராத தனி இலையும் விதையும் அந்த வரையறைக்குள்ள வராது. அந்த இடைவெளியிலதான் உத்தரப்பிரதேசத்துல அரசாங்க லைசென்ஸோட பாங்கு கடை நடக்குது. ஒரு செடியில இலையையும் பூவையும் வேற வேறயா பார்க்கத் தெரிஞ்ச நாட்டுல, மரத்துல சொட்டின அஞ்சு சதவீதத்தையும் டிரம்முல வந்த மெத்தனாலையும் பிரிக்கத் தெரியாதா?

தெரியும். மனசு இல்ல. 1937ல் ராஜாஜி சேலத்துல ஆரம்பிச்ச மதுவிலக்குல இருந்து எத்தனை தடவை திறந்து மூடியிருக்காங்க! 1971ல் கலைஞர் திறந்தார், 1974க்குள்ள மறுபடி மூடினார். 1981ல் எம்ஜிஆர் திறந்தார், 1983ல் டாஸ்மாக்கை உண்டாக்கினார், 1987 ஜனவரி 1ல் இருந்து கள்ளுக்கும் சாராயத்துக்கும் சேர்த்து ஒரே பூட்டு. 2003 நவம்பர்ல சில்லறைக் கடையும் டாஸ்மாக் கைக்கு வந்துச்சு. 2023-24ல் அதுல அரசுக்கு வந்த வருமானம் 45,855 கோடி ரூபாய். பனை மாநில மரம், வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னு 2021ல் சொல்லிட்டாங்க. ரொம்ப சந்தோசம். மரத்தைக் காப்பாத்துவோம், அதுல ஏறுறவனை மட்டும் பிடிச்சு உள்ள போடுவோம்.

கமுதிக்காரனுக்கு இதுல இன்னொரு முள்ளு உண்டு. 1897ல் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள்ள நாடார் சமூகத்து வணிகர்கள் நுழைஞ்சாங்க. ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார். மதுரை கோர்ட்டு, மெட்ராஸ் ஹைகோர்ட்டு, கடைசியா லண்டன் பிரிவி கவுன்சில்னு போய் 1908ல் நாடார் தரப்பு தோத்துச்சு. நுழைஞ்சவங்க யாவாரம் பண்ணினவங்க. ஆனாலும் கோர்ட்டுல அவங்களுக்கு எதிரா நின்ன முக்கியமான வாதம், இவங்க பரம்பரைத் தொழில் கள் இறக்குறது, அதனால தீட்டு. ஒரு கலயம் ஒரு சாதியையே கோயில் வாசல்ல நிறுத்தி வச்சிருக்கு. 1910ல் நாடார் மகாஜன சங்கம் வந்ததும் கள் இறக்குறதை விட்டுடுங்கன்னு தன் ஜனத்துக்கே பிரசாரம் பண்ணினதுல என்ன ஆச்சரியம்? அவங்களுக்கு அது மானப் பிரச்சினை. குடிச்சவன் எல்லா சாதியிலயும் இருந்தான், தீட்டு மட்டும் ஏறினவனுக்கு. இன்னைக்கும் போலீசு பிடிக்கிறது ஏறினவனைத்தான்னு நினைச்சா, அந்த வழக்கு முடியலையோன்னு தோணும்.

அதனால தடையை எடுத்தா, லைசென்ஸ் யாருக்குங்கிறதுதான் எனக்கு முக்கியம். ஏலம் விட்டு காண்டிராக்டருக்குக் குடுத்தா மலப்புரம்தான் வரும். கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்துல பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கம்னு வச்சிருக்காங்க. ஏறுறவங்கதான் அங்கத்தவர். இறக்கின கள்ளு சங்கத்துக்கு வரும், தவறணையில விக்கும். சண்டையும் இடப்பெயர்வும் எல்லாம் தாண்டி இன்னும் நடக்குது. போத்தல்ல அடைச்சு வெளிநாட்டுக்கு அனுப்புறதும் உண்டு. அது கொதிக்கவச்சு அடைக்கிற ஃபேக்டரி வேலை, நமக்கு இப்போதைக்கு வேணாம். தவறணை போதும்.

கலப்படம் பிடிக்க லேப்பு கூட ரெண்டாம் பட்சம். கேரளாவுல மரத்துக்கு நம்பர் போடுறாங்க, அதை அப்படியே எடுத்துக்கலாம். நல்ல மரம் நாளைக்கு ரெண்டு லிட்டர் தரும்னு வைங்க. ஒரு ஆளு இருபது மரம் ஏறினா நாப்பது லிட்டர். அந்த மரத்தடியில இருநூறு லிட்டர் விக்குதுன்னா மீதி நூத்தறுபது வானத்துல இருந்தா வந்துச்சு? மரத்தை எண்ணத் தெரிஞ்ச தலையாரி போதும் இதுக்கு.

சுத்தம் பத்தியும் சொல்லணும், நம்மாளுங்க இதுல படு அலட்சியம். கலயத்துக்குள்ள தேனீ விழும், வண்டு விழும், அதை வடிகட்டிடலாம். வௌவால் வந்து வாய் வச்சா வடிகட்டி உதவாது. பங்களாதேஷ்ல ஈச்சஞ்சாறு மூலமாத்தான் நிபா பரவுச்சுன்னு கண்டுபிடிச்சாங்க. அங்க இப்ப மூங்கில் தட்டி கட்டி பாளையையும் கலயத்தையும் மூடச் சொல்றாங்க. நம்ம பக்கம் பனைமட்டையே கிடக்கு, ஒரு தட்டி முடைய என்ன செலவு? கலயத்தைக் கொதிதண்ணியில கழுவிக் கவுத்து வைக்கணும். புளிக்கிற சாறுங்கிறதால அலுமினியத்துலயும் செம்புலயும் ஊத்தி வைக்கக் கூடாது. இறுக்கி மூடின பாட்டில் வாயு ஏறி வெடிக்கும். கண்ணாடின்னா கையே போயிடும். அளவு கூட்ட ஊருணித் தண்ணி ஊத்துற பழக்கம் இருக்கே, கள்ளால வந்ததா சொல்ற வயித்தாலபோறதுல பாதி அந்தத் தண்ணியாலதான் இருக்கும்னு என் சந்தேகம்.

இதையெல்லாம் எழுதி ஒரு ஓரத்துல வச்சாலும் கடைசியில மரத்துல ஏறணுமே ஒருத்தன். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, இருபது மரம்னா நாளைக்கு நாப்பது ஏத்தம். காலுல தளைநார், இடுப்புல பெட்டி, கீழ விழுந்தா முதுகெலும்பு. அறுபது வயசுப் பெரியவங்கதான் எங்க பக்கம் இன்னும் ஏறிக்கிட்டு இருக்காங்க, அவங்க மகன் திருப்பூர்லயோ துபாய்லயோ. பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்க விறகும் ஆளும் வேணும், பொம்பளையாளு நாள் முழுக்க அடுப்படியில வேகணும். கள்ளுன்னா இறக்கின கையோட காசு. தை பிறந்து பாளை வந்தா ஆடி வரைக்கும்தான் இந்த வருமானம். அந்த ஆறு மாசத்துக்குள்ள பாளை சீவக் கத்துக்க ஒரு பையன் வரணும்னா, அவன் மேல கேஸ் விழாதுங்கிற உத்தரவாதமாவது முதல்ல வேணும்.