வாலிப வயோதிக அன்பர்களே, கொஞ்சம் நில்லுங்கள்!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது பலான பதிவு இல்லை. போன வாரம் ஜிஎஸ்டி பற்றிப் போட்ட மொக்கையை நம்பி இன்றைக்கும் வந்தவர்கள் மன்னிக்கவும். இன்றைய தலைப்பு ஆண்களின் முன்தோல். ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

முடிந்ததா? சரி.

கல்லூரி முதல் வருஷத்தில் எனக்கு முன்தோல் இறுக ஆரம்பித்தது. பின்னால் தள்ள முடியாது, தள்ளினால் வெடித்து ரத்தம் வரும். சிறுநீர் போனால் எரியும். இதை யாரிடம் சொன்னேன்? யாரிடமும் இல்லை. இரண்டு வருஷம்! ஹாஸ்டலில் ஒரே ரூமில் நாலு பேர். பல்வலி வந்தால் நாலு பேரும் சேர்ந்து டாக்டரிடம் கூட்டிப்போவான்கள். இதற்கு மட்டும் வாய் திறக்க முடியவில்லை. பள்ளியில் இனப்பெருக்க மண்டலம் பாடம் வந்தபோது எங்கள் சார், "இதை வீட்ல படிச்சுக்குங்க"ன்னு சொல்லிட்டுத் தாண்டிப் போனார். வீட்டில் யாரிடம் படிப்பது?

கடைசியில் எங்கே போனேன் தெரியுமா? பஸ் ஸ்டாண்ட் சுவரில் நோட்டீஸ் பார்த்து ஒரு லாட்ஜுக்கு. அங்கே உட்கார்ந்திருந்த 'வைத்தியர்' என்னைப் பரிசோதிக்கவே இல்லை. "சின்ன வயசுல செஞ்ச தப்பு தம்பி"ன்னு ஆரம்பித்து, ஆறாயிரம் ரூபாய்க்கு லேகியம் கொடுத்தார். தோல் சுருங்கியதற்கு லேகியம்! டயர் பஞ்சருக்கு வண்டிக்குப் பெட்ரோல் போடுவது மாதிரி.

இவர்களுடைய தொழிலின் முதலீடு என்ன என்று பிகாம் மூளை யோசித்தது. மூலிகை இல்லை, படிப்பும் இல்லை. நம் வெட்கம்தான் அவர்களுடைய மூலதனம். அதை நாம் வட்டியில்லாமல் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம்.

இனி விஷயத்துக்கு வருவோம். பிறந்த குழந்தைக்கு முன்தோல் மொட்டோடு ஒட்டித்தான் இருக்கும். அது நோய் இல்லை, இயற்கை. கெய்ர்ட்னர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1949-ல் எழுதிய கட்டுரையில், பிறந்த ஆண் குழந்தைகளில் சுமார் 4 சதவீதம் பேருக்குத்தான் தோல் முழுதாகப் பின்னால் போகிறது என்றார். வளர வளரத் தானாகப் பிரியும். 1968-ல் டென்மார்க்கில் பள்ளிப் பையன்களை ஆராய்ந்த ஆஸ்டர், 6-7 வயதில் 8 சதவீதம் பேருக்கு இருந்த இறுக்கம், 16-17 வயதில் 1 சதவீதமாகக் குறைந்ததைக் கண்டார்.

ஆகவே, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது குழந்தையின் தோலைப் பிடித்துப் பின்னால் இழுக்கும் பாட்டிமார்களே, கைகூப்பிக் கேட்கிறேன், விட்டுவிடுங்கள். இழுத்தால் கிழியும், கிழிந்தது தழும்பாகும், தழும்பு இறுகும். இயற்கையே சரிசெய்வதை நாம் கெடுக்க வேண்டாம்.

ஆனால் வாலிப வயதிலும் தோல் பின்னால் போகவில்லை, வலிக்கிறது என்றாலோ, நன்றாக இருந்த தோல் இடையில் இறுகினாலோ அது கவனிக்க வேண்டிய சமாச்சாரம். இதற்கு ஃபைமோசிஸ் என்று பெயர். உள்ளே அழுக்கு சேரும், அடிக்கடி புண்ணும் அரிப்பும் வரும், சிறுநீர்த் தொற்று வரும். தோல் வெளுத்துத் தடித்தால் லைக்கன் ஸ்க்லிரோசஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம்.

இறுகிய தோலைப் பலவந்தமாகப் பின்னால் தள்ளி, அது திரும்பி வராமல் மாட்டிக்கொண்டால் இன்னும் மோசம். அது பாராஃபைமோசிஸ். மொட்டு வீங்கி, ரத்த ஓட்டம் தடைபடும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அந்த ராத்திரியே அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும்.

நீண்ட காலக் கணக்கு இதைவிடப் பெரியது. ஆண்குறிப் புற்றுநோய் அரிதானதுதான், இறுக்கம் இருக்கும் எல்லோருக்கும் வந்துவிடாது. ஆனால் அதை வரவழைக்கும் முக்கியக் காரணிகளில் ஃபைமோசிஸும் ஒன்று. எச்பிவி வைரஸ், புகைப்பழக்கம், சுத்தமின்மை எல்லாம் அதே பட்டியலில் உண்டு. தோல் மூடியிருப்பதால் உள்ளே வளரும் கட்டி கண்ணுக்கும் தெரியாது. ஆரம்பத்தில் வந்தால் உறுப்பைக் காப்பாற்றலாம். வெட்கப்பட்டுத் தாமதித்தால் உறுப்பையே வெட்ட நேரிடும்.

இவ்வளவுக்கும் வைத்தியம் சிம்பிள். பலருக்கு ஸ்டீராய்டு களிம்பைச் சில வாரம் தடவினாலே சரியாகிவிடுகிறது (டாக்டர் சொல்லித்தான், மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கி அல்ல). எனக்குத் தழும்பு விழுந்துவிட்டதால் களிம்பு பலிக்கவில்லை. அரசு மருத்துவமனையில் மரத்துப்போக ஊசி போட்டுச் சின்ன ஆபரேஷன். சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு வாரம் லுங்கி, அவ்வளவுதான்.

"நம்ம ஆளுங்களுக்கு எதுக்குடா சுன்னத்து?" என்றார் அப்பா. குடல்வாலை எடுக்கும்போது யாராவது மதம் கேட்கிறோமா? எல்லோரும் முன்தோலை நீக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2007-ல் எய்ட்ஸ் தடுப்புக்காக அதைப் பரிந்துரைத்தது கூட, எச்ஐவி அதிகம் பரவிய நாடுகளுக்குத்தான். நல்லாயிருக்கும் தோல் அது பாட்டுக்கு இருக்கட்டும். கெட்டுப்போனதற்கு மதம் பார்க்காதீர்கள் என்பதுதான் என் கட்சி.

ஒரு மாதம் கழித்து, அதே அப்பா மாடிக்கு வந்தார். துணி காயப்போடுவது மாதிரி நின்றுகொண்டு, "அந்த டாக்டர் எந்தெந்தக் கிழமை இருப்பார்?" என்று கேட்டார். அப்பாவுக்குப் பத்து வருஷமாக சர்க்கரை. இரண்டு வருஷமாகத் தோலில் வெடிப்பு, தேங்காய் எண்ணெய் தடவிச் சமாளித்திருக்கிறார். அம்மாவிடம் கூடச் சொல்லவில்லை. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றால் அங்கே காளான் தொற்று திரும்பத் திரும்ப வரும், வெடித்து ஆறி ஆறித் தோல் இறுகும் என்று டாக்டர் விளக்கினார். சிலருக்கு சர்க்கரை இருப்பதே இந்தப் புண்ணால்தான் தெரியவருமாம். துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வரும்வரை அப்பாவும் நானும் சரியாகத் தூங்கவில்லை. நல்லவேளை, பயப்பட ஒன்றுமில்லை.

ஒரே வீடு. ஒரே பிரச்சினை. இரண்டு ஆம்பிளைகள், ஒருவருக்கொருவர் தெரியாமல் இரண்டு வருஷம். இதற்குப் பெயர் கௌரவமா? போங்கய்யா!

கணக்குப் பாடத்தில் மறைத்த கடன் காணாமல் போகாது, வட்டியோடு வரும். தினமும் குளிக்கும்போது தோலை மெதுவாகத் தள்ளி வெறும் தண்ணீரில் கழுவுங்கள், மறக்காமல் முன்னால் கொண்டுவாருங்கள். வலி, வெடிப்பு, ஆறாத புண், வெள்ளைத் திட்டு, இதில் எது இருந்தாலும் தோல் மருத்துவரையோ சிறுநீரகவியல் மருத்துவரையோ பாருங்கள். அவர்கள் தினம் பத்துப் பேரைப் பார்ப்பவர்கள், உங்களைப் பார்த்துச் சிரிக்க அவர்களுக்கு நேரமில்லை.

லாட்ஜ் பக்கம் மட்டும் போகாதீர்கள். என் ஆறாயிரம் போனது போதும்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, வெறும் பிகாம். இதைப் படித்துவிட்டு நீங்களே வைத்தியம் பார்க்காதீர்கள். கிளாஸ்மேட்ஸ் நாளைக்குக் கேன்டீனில் ஓட்டுவீர்கள், தெரியும். ஓட்டுங்கள். ஓட்டி முடித்த பிறகு எவனாவது ஒருத்தன் தனியாக வந்து, "மச்சி, அந்த டாக்டர் எங்கடா?"ன்னு கேட்டால் போதும் :-)