குதிரைப் பண்ணைக்கு முதல் டிராக்டர்

ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் கால்நடைச் சந்தைக்கு மாடுகளோடு குதிரைகளும் விற்பனைக்கு வருவதைக் கொங்கு நாட்டு விவசாயிகள் நன்கு அறிவர். அங்கே குதிரை வாங்க வருபவர் பல்லைப் பார்த்து வயதை நிதானிப்பார், குளம்பைத் தூக்கிப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டும் ஓடவிட்டும் பார்ப்பார், அதன் பின்னரே விலை பேசுவார். அவரே தம் பண்ணைக்கு முதன்முதலாக ஒரு டிராக்டர் வாங்கப் புறப்படும்போதோ, "எத்தனை குதிரைத்திறன்?" என்னும் ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறார். விடையாக வரும் எண் பெரிதாயிருந்தால் மகிழ்ந்து முன்பணமும் கொடுத்துவிடுகிறார். இவ்வழக்கம் திருந்த வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாலைந்து குதிரைகளும் ஏழெட்டு ஏக்கர் நிலமும் உடைய சிறு பண்ணையில் டிராக்டருக்குப் பிரதான வேலை உழவு அன்று. இலத்தி அகற்றலும், தீவனம் கொண்டு வருதலும், புல் அறுத்தலும், மேய்ச்சல் நிலத்தைச் சமன் செய்தலுமே அதன் அன்றாட வேலைகள். ஆகவே முதல் டிராக்டரைக் கலப்பையைக் கொண்டு அளத்தல் கூடாது. இலத்தி வண்டியைக் கொண்டே அளத்தல் வேண்டும். உழவுக்கு வேண்டிய யந்திரத்தை வாடகைக்கு எடுத்துக் கொள்ளலாம் என்பது எமது துணிந்த அபிப்பிராயம்.

எமக்குத் தெரிந்த பண்ணையார் ஒருவர் ஆறு குதிரைகள் வைத்திருந்தார். கடன் பெற்று 45 குதிரைத்திறன் கொண்ட டிராக்டர் ஒன்றை வாங்கினார். அது ஆண்டுக்கு இருமுறை அவருடைய சோளக் காட்டை வெகு விரைவில் உழுது முடித்தது உண்மையே. ஆனால் இரு லாயங்களுக்கும் நடுவேயிருந்த சந்தில் அது நுழையவில்லை. கொறங்காட்டின் கிளுவை வேலிப் படலை அகலப்படுத்திய பின்பும், வெள்வேல் மரங்களின் தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் அதைத் திருப்ப இயலவில்லை. இலத்தியோ முன்போலவே ஆளின் கூடையிலும் கட்டை வண்டியிலும் சென்றுகொண்டிருந்தது. மூன்றாம் ஆண்டில் தவணை கட்டும் பொருட்டு அவர் இரண்டு குதிரைகளை விற்றார். குதிரைகளுக்காக வாங்கிய யந்திரம் குதிரைகளையே விழுங்கியது என்று அவரே வருந்திச் சொன்னதை யாம் கேட்டிருக்கிறோம்.

இப்பிழை நம் நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. அமெரிக்க நாட்டில் 1910-ஐ அடுத்த ஆண்டுகளில் குதிரைகளும் கோவேறு கழுதைகளுமாக இரண்டரைக் கோடிக்கு மேல் இருந்தன. 1917-இல் வெளிவந்த போர்ட்சன் டிராக்டரைப் பல்லாயிரம் குடியானவர்கள் வாங்கினார்கள். அது உழவுக்கு உதவிற்று. ஆயினும் பயிர் வரிசைகளுக்கு இடையே களை எடுத்தல் போன்ற எஞ்சிய வேலைகளுக்குக் குதிரைகளை வைத்துக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. உழவு, இடையுழவு, அறுவடை யந்திரத்தை ஓட்டுதல் ஆகிய பலவற்றுக்கும் ஏற்றதாக 1924-இல் பார்மால் டிராக்டர் வந்த பின்னரே அந்நிலை மாறத் தொடங்கிற்று. ஒரு வேலையைப் பெரிதாகச் செய்யும் யந்திரத்தினும் பல வேலைகளைப் போதுமான அளவு செய்யும் யந்திரமே சிறு பண்ணைக்கு உகந்தது என்பதை இவ்வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

இனி வேலையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சுமார் 450 கிலோ எடையுள்ள குதிரை நாளொன்றுக்கு இலத்தியும் சிறுநீருமாக ஏறத்தாழ 22 கிலோ கழிக்கிறது. ஆறு குதிரைகளுக்கு இது நாளைக்கு 132 கிலோ. மாதத்துக்கு ஏறக்குறைய 4 டன். படுக்கைக்கு இட்ட வைக்கோல் இதற்கு மேற்பட்டது. தீவனத்திலோ, ஒரு குதிரைக்கு அதன் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு உலர்நிலைத் தீவனம் என்று கொண்டால், நாளைக்கு 9 கிலோ. ஆறு குதிரைகளுக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 20 டன். குதிரைமசாலையும் பசும்புல்லையும் பச்சையாகவே அறுத்துக் கொணர்ந்தால், அவற்றிலுள்ள நீரின் காரணமாகப் பாரம் பன்மடங்காகும். இவ்வளவும் ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகச் செய்ய வேண்டிய வேலை. ஒரு டன் கொள்ளும் டிரெய்லரில் மாதம் நாலைந்து நடை இலத்தியும், நாள்தோறும் ஒரு நடை தீவனமும் போதும். இதற்கு மலை போன்ற யந்திரம் எதற்கு?

பண்ணையில் மிகுதியான சக்தியைக் கேட்பது புல் வெட்டும் சுழல் கத்தி யந்திரமே. அதன் வெட்டு அகலத்தில் அடி ஒன்றுக்குப் பி.டி.ஓ. தண்டில் 5 குதிரைத்திறன் வேண்டும் என்பது அநுபவக் கணக்கு. நான்கடி யந்திரத்துக்கு 20 குதிரைத்திறன் ஆயிற்று. என்ஜினின் திறன் முழுவதும் பி.டி.ஓ. தண்டுக்கு வந்து சேராது. பத்தில் ஒரு பங்கோ, அதற்குச் சற்று மேலோ வழியில் குறையும். ஆகவே விற்பனையாளர் சொல்லும் என்ஜின் திறனை மட்டும் கேளாமல், பி.டி.ஓ. திறன் எவ்வளவு என்று தனியே கேட்டறிய வேண்டும். இக்கணக்கின்படி 24 முதல் 28 வரை குதிரைத்திறனுள்ள டிராக்டர் நாம் எடுத்துக்கொண்ட பண்ணைக்குப் போதுமானது.

எடையும் அகலமும் அடுத்தபடி கவனிக்கத்தக்கவை. 45 குதிரைத்திறன் வண்டி ஏறக்குறைய 2 டன் எடையுள்ளது. சிறிய வண்டியோ சுமார் 1 டன். ஈரமான கரிசல் நிலத்தில் கனத்த வண்டி ஓடினால் மண் இறுகி, கொழுக்கட்டைப் புல்லின் வேர் தளர்ந்துபோகும். டிராக்டர் வாங்கப் போகுமுன் லாயத்தின் வாயில், சந்து, வேலிப்படல், மரக்கிளையின் உயரம் ஆகிய நான்கையும் கயிற்றால் அளந்து, அக்கயிற்றைக் கையோடு கொண்டு செல்வது சிலாக்கியம்.

மேய்ச்சல் நிலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டிராக்டர் வந்துவிட்டதென்று இலத்தியை நினைத்தபோதெல்லாம் புல்லின் மேல் இழுத்துப் பரப்புவது தவறு. இலத்தியில் குடற்புழுவின் முட்டைகள் உள்ளன. ஈரமான மாதங்களில் பரப்பினால் புழுவையே நிலமெங்கும் விதைத்தவராவோம். சித்திரை, வைகாசி வெயிலில் சங்கிலிப் பரம்பை இழுத்து இலத்தியை உடைத்துக் காயவிட்டு, சில வாரங்கள் குதிரைகளை அங்கே விடாதிருந்தால் புழுக்கள் பெரும்பாலும் மடியும். மற்றக் காலங்களில் குவித்து மட்கச் செய்வதே முறை. குவியலின் உட்சூடு முட்டைகளைக் கொல்லும். பரம்பு இழுக்கவும் குவியலுக்குக் கொண்டு செல்லவும் சிறு டிராக்டரே போதும்.

பெரிய டிராக்டரை ஆதரிப்போர் கூறும் வாதம் ஒன்றுண்டு: "நம் வேலை போக மிச்ச நேரத்தில் ஊராருக்கு உழுது கூலி பெறலாமே" என்பர். இது முற்றும் பொய்யான வாதமன்று. ஓட்டுவதற்கு நம்பகமான ஆளும், வசூலிக்கும் திறமும், பழுது பார்க்கும் இடம் அருகிலும் உடையவருக்கு இது பலிக்கும். ஆனால் மழை பெய்த மறுநாள் ஊரார் அனைவரும் ஒரே நேரத்தில் உழவு கேட்பார்கள்; மற்ற நாட்களில் எவரும் கேட்பதில்லை. குதிரைகளோ நாள் தவறாமல் தீவனம் கேட்கும். இரு தொழிலையும் ஒரே வண்டியால் நடத்துபவர் பெரும்பாலும் தம் லாயத்தையே புறக்கணிக்கிறார்.

செலவையும் பார்ப்போம். உதாரணமாக, 6 இலட்சம் ரூபாய்க்கு வாங்கிய டிராக்டரைப் பத்து ஆண்டு கழித்து 2 இலட்சத்துக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். தேய்மானம் ஆண்டுக்கு 40,000 ரூபாய். இடைப்பட்ட மதிப்பான 4 இலட்சத்துக்கு நூற்றுக்குப் பத்து வட்டி 40,000 ரூபாய். காப்பீடும் பழுதும் 20,000 ரூபாய். ஆக ஆண்டுக்கு 1 இலட்சம். ஆண்டில் 100 மணி நேரம் ஓடினால், டீசலும் ஆள் கூலியும் நீங்கலாகவே, மணிக்கு 1,000 ரூபாய் ஆகிறது. 400 மணி ஓடினால் 250 ரூபாய்தான். எனவே விலையைக் காட்டிலும் ஓடும் மணியே முக்கியம். வாங்குவதற்கு முன் ஓராண்டு காலம் வாடகை வண்டியைக் கொண்டு வேலை செய்து, ஒவ்வொரு நாளும் ஓடிய மணியை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையிலும் டிராக்டர் வாடகைக்குக் கிடைக்கிறது. அங்குள்ள விகிதத்தோடு உங்கள் கணக்கை ஒப்பிட்டுப் பாருங்கள். வாடகையே மலிவு என்று நோட்டு சொன்னால், அதன் சொல்லைக் கேட்பதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை.

பணத்தினும் பெரியது உயிர். டிராக்டர் கவிழ்ந்து ஓட்டுபவர் நசுங்கி இறப்பது அரிய செய்தியன்று. ஆதலால் கவிழ்ந்தாலும் ஆளைக் காக்கும் இரும்புச் சட்டமும் இருக்கைப் பட்டையும் இல்லாத வண்டியை, பழையதாயினும் மலிவாயினும், வாங்க வேண்டாம். வேலிக் கல்லையோ அடிமரத்தையோ பிடுங்கும்போது சங்கிலியைப் பின் அச்சுக்கு மேலே ஒருபோதும் கட்டலாகாது. முன்சக்கரம் எழும்பி வண்டி பின்புறமாகக் கவிழும். தாழ இருக்கும் இழுவைக் கொக்கியிலேயே கட்டுக. பாரம் ஏற்றிய டிரெய்லரோடு சரிவில் இறங்குமுன்னரே கியரைக் குறைத்துக் கொள்க. நியூட்ரலில் விட்டு இறங்குதல் தற்கொலைக்கு ஒப்பாகும். பி.டி.ஓ. தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு 9 சுற்றுச் சுற்றுவது. வேட்டி நுனியோ துண்டோ அதில் சிக்கினால் கையெடுக்கவும் நேரமிராது. மூடி இல்லாத தண்டை ஓட்டாதீர்கள்.

குதிரை அச்சமுள்ள பிராணி. புதிய வண்டி வந்த முதல் வாரத்தில் தூரத்தில் நிறுத்தி ஓசையைப் பழக்கிய பின்னரே லாயத்தின் அருகே கொணர வேண்டும். குதிரையை டிரெய்லரின் பின்னே கட்டி இழுத்துச் செல்லுதல் கொடுமையும் அபாயமும் ஆகும். வைக்கோற்போரின் பக்கத்தில் சூடான வண்டியை நிறுத்தலும் ஆகாது.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. மத்திய, மாநில அரசுகளின் திட்டங்களில் டிராக்டருக்கு மானியம் உண்டு. அதற்காகச் சிட்டாவும் அடங்கலும் கேட்டு விவசாயிகள் உங்களிடம் வருகிறார்கள். மானியம் விலையைக் குறைக்கும். ஆனால் தவணையை அது கட்டாது. வருபவரிடம், "ஆண்டுக்கு எத்தனை மணி ஓடும்? லாயத்துச் சந்து எத்தனை அடி?" என்னும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இரண்டுக்கும் விடை சொல்பவர் துணிந்து வாங்கட்டும். சொல்ல இயலாதவரை, ஒரு நோட்டும் ஓர் அளவுகயிறும் எடுத்துக்கொண்டு இன்னும் ஓராண்டு பொறுத்திருக்கச் சொல்லுங்கள். அவ்வோராண்டுப் பொறுமை அவருடைய குதிரைகளையும் நிலத்தையும் காக்கும்.