இங்கிலீஷ் இலக்கணமும் தமிழ் மாணாக்கரும்

அந்நிய பாஷையைக் கற்பதானால் திருந்தக் கற்க வேண்டும். அரைகுறையாகக் கற்றவனுக்கு அது கருவியாவதில்லை. அவனே அதற்கு ஏவலாளாகிறான். எழுத உட்கார்ந்தால் பிழை நேருமோ என்று அஞ்சுகிறான். பேச வேண்டிய சபையில் வாய் மூடியிருக்கிறான். தன்னைவிட அறிவிற் குறைந்தவன் சரளமாக நாலு வார்த்தை பேசிவிட்டால் அவனுக்குத் தலை வணங்குகிறான். 1947இல் சுதந்திரம் பெற்ற தேசத்தில் இந்த அச்சம் மட்டும் இன்னும் நீங்கியபாடில்லை.

சேலம் ஜில்லாவின் கீழ்ப்பகுதியில், சுவேத நதி பாயும் கெங்கவல்லித் தாலூகாவையே எடுத்துக்கொள்வோம். தம்மம்பட்டி, செந்தாரப்பட்டி, தெடாவூர், வீரகனூர் முதலிய ஊர்கள் அடங்கிய இப்பிரதேசம் நெல்லும் மரவள்ளியும் விளையும் பூமி. இங்கே தமிழில் படித்துத் தேறிய குடியானவர் வீட்டுப் பிள்ளை ஆத்தூருக்கோ சேலத்துக்கோ கலாசாலையை நாடிப் போகிறான். அங்கே பாடப் புஸ்தகம் இங்கிலீஷில் இருக்கிறது. நம் மாகாணத்தில் 1968 முதல் இருமொழித் திட்டம் அமலில் இருப்பதால், பள்ளியில் பல வருஷம் இங்கிலீஷ் படித்தவன்தான் அவன். ‘பெர்ஃபெக்ட் டென்ஸ்’ என்றால் என்ன என்று கேட்டால் விதியைத் தங்குதடையின்றி ஒப்பிப்பான். நேற்று வயலில் நடந்ததைப் பத்து வரி எழுதச் சொன்னாலோ பேனா நகராது.

இது மாணாக்கன் குற்றமன்று; அப்பியாசம் செய்விக்கும் முறையின் குற்றமேயாகும். கோடிட்ட இடத்தை நிரப்புவதும், செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றுவதுமே உயர்தர இலக்கணப் பயிற்சி என்று நம் பள்ளிகள் நெடுங்காலமாக எண்ணி வந்திருக்கின்றன. 1930களில் ரென், மார்ட்டின் ஆகிய இருவரும் இயற்றிய இலக்கணம் இன்றும் வீடுதோறும் அலமாரியில் இருக்கிறது. சந்தேகம் வந்தபோது புரட்டிப் பார்க்க அது நல்ல நூலே. ஆயினும் யாரோ எழுதிய வாக்கியத்தை மாற்றி எழுதுபவன், தான் சொல்ல விரும்பியதைச் சொல்லக் கற்பதில்லை.

இதற்கு நேர்மாறான பரீட்சை ஒன்றும் நம் நாட்டிலேயே நடந்தது. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய இடங்களின் பள்ளிகளில் என். எஸ். பிரபு என்பவர், இலக்கண விதி எதையும் எடுத்துச் சொல்லாமல், ரயில் கால அட்டவணையையும் தேசப்படத்தையும் கொடுத்துக் கணக்குப் போடச் செய்து இங்கிலீஷ் கற்பித்தார். கருத்தில் மனம் ஊன்றியிருக்கும்போதே இலக்கணம் உள்ளே படியும் என்பது அவர் கொள்கை. 1987இல் அதைப் புஸ்தகமாகவும் வெளியிட்டார். சிறுவர் விஷயத்தில் இது மிகவும் கவனிக்கத் தக்கதே. ஆனால் பத்து வருஷப் பிழைகள் கையில் ஊறிப்போன பதினெட்டு வயது வாலிபனுக்கு இது மட்டும் போதாது. பிழை எங்கிருந்து வருகிறது என்பதை அவன் கண்ணால் காண வேண்டும்.

அதைக் காட்டவல்ல கண்ணாடி தமிழேயாகும். ‘மாடு வாங்கினான்’ என்பதற்கும் ‘மாட்டை வாங்கினான்’ என்பதற்கும் உள்ள பேதம் கெங்கவல்லிச் சந்தைக்குப் போகும் எவருக்கும் தெரியும். முன்னது ஏதோ ஒரு மாடு. பின்னது நாம் அறிந்த மாடு. இங்கிலீஷ்காரன் ‘ஏ’, ‘தி’ என்ற இரு சிறு சொற்களைக் கொண்டு செய்வதை இங்கே நமது இரண்டாம் வேற்றுமை உருபு செய்துவிடுகிறது. ‘மழை பெய்திருந்தால் மரவள்ளி பிழைத்திருக்கும்’ என்று சொல்லத் தெரிந்தவனுக்கு, நடவாத காரியத்தைக் குறிக்கும் இங்கிலீஷ் வாக்கியம் புதிதல்ல. ‘பெய்திருந்தால்’ என்ற இடத்தில் ‘ஹாட்’ வரும். ‘பிழைத்திருக்கும்’ என்ற இடத்தில் ‘வுட் ஹாவ்’ வரும். இதை ஒரு தரம் உணர்ந்தவன் ‘இஃப்’ என்பதன் பின்னே ‘வுட்’ போட மாட்டான்.

தமிழ் கைகொடுக்கும் இடங்கள் போலவே காலை வாரும் இடங்களும் உண்டு. ‘நேற்று வந்திருக்கிறான்’ என்று நாம் கூசாமல் சொல்கிறோம். இங்கிலீஷிலோ ‘நேற்று’ என்ற சொல்லும் அந்த வினை உருவமும் சேரா. ‘பஸ் எப்போது வரும்?’ என்ற கேள்வியோடு ‘என்று தெரியவில்லை’ என்பதைச் சேர்த்தால் தமிழில் சொல்வரிசை மாறுவதில்லை. இங்கிலீஷில் கேள்விக்கு ஒரு வரிசை. அதை வேறொரு வாக்கியத்துள் அடக்கும்போது வேறொரு வரிசை. நம்மவர் எழுதும் பிழைகளில் பல இவ்விரண்டிலிருந்தே பிறக்கின்றன. விதியை மட்டும் நூறு முறை ஒப்பிப்பதால் இவை போகா.

போக்கும் வழி பழையது, செலவற்றது. நல்ல இங்கிலீஷ் பத்தி ஒன்றை எடுத்துத் தமிழில் எழுத வேண்டும். மூலத்தை மூடிவிட்டு, மறுநாள் தன் தமிழைத் திரும்ப இங்கிலீஷாக்க வேண்டும். பிறகு மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். வேறுபடும் இடம் ஒவ்வொன்றும் அன்றைய பாடம். இலக்கண நூலைத் திறக்க வேண்டியது அப்போதுதான். இங்கிலாந்தின் எலிஸபெத் ராணி இளமையில் கிரேக்கமும் லத்தீனும் பயின்றது இவ்வகையிலேதான். அவளுக்கு ஆசிரியராயிருந்த ராஜர் ஆஸ்கம் இம்முறையை விவரித்து எழுதிய நூல் 1570இல் வெளிவந்தது. இங்கிலீஷ்காரர் அந்நிய பாஷையைத் தாய்பாஷையின் துணைகொண்டு கற்கலாம், நாம் மட்டும் வகுப்பில் தமிழை வாயிற்படிக்கு வெளியே நிறுத்த வேண்டும் என்பது என்ன நியாயம்?

தமிழிலே சிந்தித்தால் இங்கிலீஷ் கெட்டுவிடும் என்பாருக்கு ஒன்று சொல்வோம். வலங்கைமானில் பிறந்து, ஆரம்ப காலத்தில் சேலம் முனிசிபல் கலாசாலையில் உபாத்தியாயராயிருந்தவர் வி. எஸ். ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார். மகாத்மா குஜராத்தியில் எழுதிய சுயசரிதையின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பைப் பின்னர் திருத்திச் செப்பனிட்டவர் அவரே. தம் பெயர் வெளியாகலாகாது என்ற நிபந்தனையின் பேரில் அதைச் செய்து கொடுத்தார். தாய்பாஷை தமிழாயிருந்தது அவருடைய இங்கிலீஷுக்கு ஒரு குறையும் செய்யவில்லை.

இங்கிலீஷில் இத்தனை சிரமம் எதற்கு, தமிழ் போதாதா என்று கேட்கும் தேசாபிமானிகளும் உண்டு. உயர்தரக் கல்வி முழுவதும் தமிழில் நடக்கும் நாள் வர வேண்டும் என்பதில் நாம் எவருக்கும் பின்வாங்கியவரல்லர். அந்நாள் வரும்வரையில் குடியானவர் பிள்ளையை வாசலிலேயே நிறுத்தி வைப்பது தேசாபிமானமாகாது. நாளை சாஸ்திர நூல்களைத் தமிழாக்க வேண்டியவர்களும் இரு பாஷையும் திருந்தக் கற்ற இவ்வாலிபர்களேயன்றி வேறு யார்?

ஆகவே, உபாத்தியாயர்கள் வாரத்தில் இரண்டு நாளேனும் கோடிட்ட இடங்களை விட்டொழித்து இந்த இரட்டை மொழிபெயர்ப்பைச் செய்விக்க வேண்டும். ஊர் நூல்நிலையத்தில் மாலைதோறும் நாலு பேர் கூடி, ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தலாம். ஊர்ப் பெரியோர் இதற்கு இடமும் விளக்கும் ஆதரவும் தர வேண்டும். ஒரு நோட்டுப் புஸ்தகமும் ஓர் இங்கிலீஷ் தினசரியும் இருந்தால் போதும். அச்சம் நீங்கிய கையே பாஷையை ஆளும். அந்தக் கை கெங்கவல்லியிலும் உருவாகட்டும்.